ஒரு கதவு, இரண்டு குடும்பம்

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். "பாலஸ்தீனச் சமூகத்தைப் பெரிய குடும்பங்கள் தாங்கிப் பிடித்தனவா, பிரித்துப் போட்டனவா?" என்பது தலைப்பு. தாங்கிப் பிடித்தன என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர், கடைசியாக ஒரு வார்த்தையை வீசிவிட்டு உட்கார்ந்தார். "ஒரு கதவைத் திறக்கவே இரண்டு குடும்பம் வேண்டியிருக்கிற ஊர் அது. இவர்களா நாட்டைத் தாங்கினார்கள்?" என்றார். அரங்கமே சிரித்தது. நடுவர் அவர்களே, நான் குறிப்பெடுத்து வந்ததை எல்லாம் மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன். அந்தக் கதவைப் பற்றியே பேசுவோம்.

அது என்ன கதவு? ஜெருசலேமின் திருக்கல்லறை தேவாலயக் கதவு. இயேசுவை அடக்கம் செய்த இடம் என்று உலகக் கிறிஸ்தவர்கள் போற்றுகிற கோயில். அதன் சாவி இருப்பது ஜூதே குடும்பத்திடம். அந்தச் சாவியை வாங்கிக் கதவைத் திறப்பது நுசைபே குடும்பம். இரண்டுமே முஸ்லிம் குடும்பங்கள். நண்பர் இதைச் சொல்லாமல் விட்டுவிட்டார். கிறிஸ்தவர்களின் புனிதத் தலத்தை முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகள்தான் தினமும் திறந்துவிடுகிறார்கள்.

எப்படித் திறக்கிறார்கள் தெரியுமா? பொழுது இன்னும் விடியவில்லை. கல் பாவிய சந்துகளில் ஆள் நடமாட்டம் இல்லை. ஜூதே குடும்பத்துச் சாவி வந்து சேருகிறது. சட்டைப்பையில் போடுகிற சாவி இல்லை, ஓர் அடி நீள இரும்புச் சாவி. அது நுசைபே குடும்பத்துக்காரர் கைக்கு மாறுகிறது. உள்ளே ராத்திரி முழுக்கப் பூட்டிய கோயிலுக்குள்ளேயே இருந்த துறவிகள், கதவில் இருக்கிற சின்னத் திறப்பு வழியாக ஓர் ஏணியை வெளியே நீட்டுகிறார்கள். கீழ்ப்பூட்டைத் திறந்தாயிற்று. மேல்பூட்டு கைக்கு எட்டாது. ஏணியைச் சாய்த்து, மேலே ஏறி, அதையும் திறக்கிறார். இறங்குகிறார். சாவி மறுபடி ஜூதே வீட்டுக்கு.

இப்போது அதே காட்சியை இன்னொரு முறை பாருங்கள். சாவி வைத்திருப்பவர் திறக்க முடியாது. திறப்பவர் சாவியை வைத்துக்கொள்ள முடியாது. உள்ளே இருப்பவர் ஏணி தராவிட்டால் இரண்டு பேரும் வாசலில் நிற்க வேண்டியதுதான். ஒருவரை ஒருவர் நம்பினால்தான் அந்தக் கதவு திறக்கும். ஒரு நாள், இரண்டு நாள் இல்லை. சுல்தான் சலாஹுத்தீன் சிலுவைப் போர்வீரர்களிடமிருந்து ஜெருசலேமை மீட்ட 1187-இல் இருந்து என்கிறது ஜூதே குடும்பம். கலீஃபா உமர் காலத்திலேயே, 637-இல் எங்களிடம் ஒப்படைக்கப்பட்டது என்கிறது நுசைபே குடும்ப வழக்கு. எது முந்தி என்று அவர்களுக்குள் பேச்சு இருக்கலாம். ஆனால் அந்தப் பேச்சால் ஒரு நாள் காலையிலும் பக்தன் வெளியே நிற்கக் கூடாது என்பதுதான் முறை. மம்லூக்குகள் வந்தார்கள், துருக்கியர் வந்தார்கள், ஆங்கிலேயர், ஜோர்தான், இஸ்ரேல் என்று ஆட்சி மாறிக்கொண்டே இருந்தது. சாவி இருக்கிற வீடு மாறவில்லை.

நண்பரே, அந்தக் கோயிலுக்கு இன்னும் ஓர் ஏணி உண்டு. முகப்பில் மேலே, சன்னல் விளிம்பில் சாய்த்து வைத்த ஒரு சின்ன மர ஏணி. இரண்டு நூற்றாண்டுக்கு மேலாக அங்கே நிற்கிறது. ஏன் எடுக்கவில்லை? அந்தக் கோயிலை ஆறு கிறிஸ்தவ சபைகள் பங்கிட்டிருக்கின்றன. எல்லோரும் ஒப்புக்கொள்ளாமல் ஒரு பொருளை நகர்த்தக் கூடாது என்பது அங்கே சட்டம் போன்ற வழக்கம். ஒப்புதல் வரவில்லை, ஏணி நிற்கிறது. நான் யாரையும் குறைசொல்லவில்லை. ஆனால் பாருங்கள், மேலே ஓர் ஏணி நகர மாட்டேன் என்கிறது. கீழே ஓர் ஏணி தினமும் காலையில் வெளியே வந்து, சாய்ந்து, கதவைத் திறந்து உள்ளே போகிறது. கீழே இருக்கிற ஏணிக்குத் தினமும் வேலை கொடுப்பது யார்? நீங்கள் சிரித்தீர்களே, அந்த இரண்டு குடும்பம்!

சரி, மற்றதையும் விட்டுவிடக் கூடாது. ஜெருசலேமின் இரண்டு பெரிய குடும்பங்கள், ஹுசைனிகளும் நஷாஷிபிகளும், அடித்துக்கொண்டார்களே என்றார் இன்னொரு நண்பர். உண்மை. 1930-களில் அந்தப் பகையில் உயிர்களே போயின. ஜெருசலேமின் முஃப்தி, அதாவது முஸ்லிம்களின் தலைமை மார்க்க அறிஞர், அமீன் ஹுசைனி 1941-இல் பெர்லினுக்குப் போய் ஹிட்லரைச் சந்தித்தார், அதை நியாயப்படுத்த எனக்கு வாய் வராது. ஆனால் அந்தப் பகைக்கு எண்ணெய் ஊற்றியது யார்? 1920-இல் ஜெருசலேம் மேயர் மூசா காசிம் ஹுசைனியை ஆங்கிலேய ஆளுநர் பதவியிலிருந்து இறக்கினார். அந்த நாற்காலியில் ராகிப் நஷாஷிபியை உட்காரவைத்தார். அடுத்த ஆண்டே முஃப்தி பதவி ஹுசைனி குடும்பத்துக்கு. ஒரு வீட்டுக்கு அது, இன்னொரு வீட்டுக்கு இது. ஆள வந்தவன் பிரித்துக் கொடுத்தான் என்பதைச் சொல்லாமல், அண்ணன் தம்பி சண்டை என்று மட்டும் சொன்னால் எப்படி?

இன்னொரு பெரிய குடும்பம் காலிதி. அந்தக் குடும்பத்து யூசுஃப் தியா, ஜெருசலேம் மேயராக இருந்தவர், 1899 மார்ச் 1-ஆம் தேதி பிரான்சின் தலைமை ரப்பிக்கு, அதாவது யூத மதகுருவுக்கு, ஒரு கடிதம் எழுதினார். கடவுளின் பெயரால் கேட்கிறேன், பாலஸ்தீனத்தை விட்டுவிடுங்கள் என்று. அது, பாலஸ்தீனத்தில் யூதர்களுக்கு ஒரு நாடு வேண்டும் என்ற சியோனிச இயக்கத்தின் தலைவர் ஹெர்ட்சல் கைக்குப் போனது. நாடு பறிபோவதற்கு அரை நூற்றாண்டு முன்பே எச்சரித்த குரல் அது! அதே குடும்பத்துக் கதீஜா அம்மையார் விட்டுச்சென்ற பணத்தில்தான் மகன் ராகிப் 1900-இல் காலிதி நூலகத்தைத் திறந்தார். பழைய நகரத்தில் இன்றும் அது இருக்கிறது, கையெழுத்துச் சுவடிகளோடு.

இது நகரத்துச் சீமான்கள் கதை, ஊர்ப்புறத்தில் என்ன என்று கேட்பீர்கள். அங்கே பெரிய குடும்பத்துக்கு ஹமூலா என்று பெயர். இரண்டு குடும்பத்துக்குள் ஒரு கொலை விழுந்துவிட்டது என்று வையுங்கள். பழிக்குப் பழி என்று கிளம்புவதற்குள், ஊர்ப் பெரியவர்கள் கூடி, பறிகொடுத்த வீட்டுக்குப் போவார்கள். ஜாஹா என்பது அந்தத் தூதுக்குழுவின் பெயர். வந்தவர்களுக்குக் கசப்புக் காபி ஊற்றித் தருவார்கள். தலைமைப் பெரியவர் வாங்குவார், குடிக்க மாட்டார். கோப்பையைக் கீழே வைத்துவிடுவார். கேட்டு வந்தது கிடைக்காமல் குடிப்பதில்லை. வந்தவர் குடிக்காமல் எழுந்து போனால் வீட்டுக்காரருக்கு அது தீராத அவமானம். காபி ஆறிக்கொண்டிருக்கிறது. பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பன் அந்தக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். கடைசியில் அவன் வாயிலிருந்து ஒரு சொல் வரும்: "குடியுங்கள்." அவ்வளவுதான், கத்தி உறைக்குள் போகும். சொந்தமென்று ஒரு அரசு இல்லாத மக்களுக்கு அந்தக் கோப்பைதான் நீதிமன்றம்.

நடுவர் மணியைத் தொடுகிறார். ஒரே ஒரு வீட்டுக் கதையைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

பதவியிலிருந்து இறக்கப்பட்டாரே மூசா காசிம் ஹுசைனி, அந்தப் பெரியவர் 1933 அக்டோபரில் யாஃபா வீதியில் ஊர்வலத்தில் நடந்தார். வயது எண்பது. போலீஸ் தடியடியில் அவரும் அடிபட்டார். அடுத்த மார்ச்சில் இறந்துபோனார். அவருடைய மகன் அப்துல் காதிர், 1948 ஏப்ரல் 8-ஆம் தேதி ஜெருசலேமுக்குப் பக்கத்தில் கஸ்தல் மலையில் யூதப் படையோடு போரிட்டு விழுந்தார். மறுநாள் அவருடைய இறுதி ஊர்வலத்துக்கு ஜெருசலேமே திரண்டது. அதே 9-ஆம் தேதிதான் பக்கத்திலிருந்த தேர் யாசின் கிராமத்துக்குள் இர்குன், லெஹி என்ற யூத ஆயுதக் குழுக்களின் ஆட்கள் புகுந்தார்கள். நூறு பேருக்கு மேல் கொன்றார்கள்.

சில நாள் கழித்து, அதே ஹுசைனி குடும்பத்துப் பெண் ஒருவர் பழைய நகரத்தில் ஒரு கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். பெயர் ஹிந்த். முப்பதைத் தாண்டிய வயது. திருக்கல்லறை தேவாலயத்துக்குப் பக்கத்தில், நாம் இவ்வளவு நேரம் பேசினோமே, அந்தக் கதவு இருக்கிற தெருப்பக்கம், குழந்தைகள் கும்பலாக நிற்கிறார்கள். தேர் யாசின் குழந்தைகள். பெற்றவர்களைப் பறிகொடுத்துவிட்டு, கொண்டுவந்து இறக்கிவிடப்பட்ட பிள்ளைகள். எண்ணினால் 55 பேர். ஹிந்த் கையில் இருந்த பணம் 138 பவுண்டு. ஊரெங்கும் குண்டு விழுகிறது. ஜெருசலேமின் ஷேக் ஜர்ரா பகுதியில் தாத்தா கட்டிய மாளிகை இருந்தது. ஹுசைனி என்ற பெயருக்கே பெருமையான வீடு. அந்த வீட்டை அந்த 55 பிள்ளைகளுக்கும் கொடுத்துவிட்டார். தார் அத்திஃப்ல், குழந்தை இல்லம் என்று பெயர் வைத்தார். பிறகு பள்ளிக்கூடம் வந்தது, கல்லூரி வந்தது. ஹிந்த் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1994-இல் கண்மூடும்வரை அந்தப் பிள்ளைகளுக்கும் அவர்களுக்குப் பின்னால் வந்த பிள்ளைகளுக்கும் அவர்தான் அம்மா.

எதிரணி நண்பரே, அந்த மாளிகைக்கும் ஒரு கதவு இருந்தது. அன்றைக்கு அதைத் திறக்க இரண்டு குடும்பம் வேண்டியிருக்கவில்லை. ஒரு பெண் போதுமாக இருந்தது. வணக்கம்.