ஸ்பூனில் இருந்தது உப்பா, சர்க்கரையா?

நேயர்களுக்கு வணக்கம். கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் தாண்டி வந்திருக்கிறேன். பாலக்காடு மாவட்டம்தான், ஆனால் எங்கள் தெருவில் பேச்சு தமிழ். பலகை பெரும்பாலும் மலையாளம். சுகாதாரத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வயதானவர்களுக்காக வருகிற சுகாதார விளம்பரங்களை எப்படி எடைபோடுவது என்று பேசச் சொன்னார்கள்.

உப்பைக் குறையுங்கள் என்று ஒருமுறை ஊரெல்லாம் நோட்டீஸ் ஒட்டினோம். இத்தனை நோட்டீஸ், இத்தனை சுவர் என்று கணக்கு எழுதி அனுப்பியாயிற்று. ஒரு வாரம் கழித்து, எங்கள் தெருவில் எழுபது தாண்டிய ஆத்தா ஒருவரிடம், "அந்த நோட்டீஸ்ல என்னங்க ஆத்தா போட்டிருக்குது?" என்று கேட்டேன். அவருக்கு மலையாளம் சரளமாகப் பேச வரும், படிக்க வராது. படத்தைப் பார்த்துச் சொன்னார்: "ஸ்பூன்ல வெள்ளையா என்னமோ இருக்குது, மேல பெருக்கல் குறி போட்டிருக்குது. சர்க்கரை வேண்டாங்கறாங்க. எனக்குத்தான் சர்க்கரை இல்லியே சாமி!"

அவர் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்.

அது உப்பு என்று சொன்னதும், "நாந்தான் சோத்துக்கு உப்பே போடறதில்லையே" என்றார். தட்டைப் பார்த்தேன். மாங்காய் ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் குறைவு. நாங்களும் கிராமில்தான் அச்சடித்திருந்தோம். எந்த ஆத்தா தராசு வைத்துக்கொண்டு சமைக்கிறார்? ஊறுகாயை ஒரு வேளைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்றால் அன்றைக்கே செய்துவிடுவார்.

எழுத்து பொடி, நீலத்தின் மேல் பச்சை. வயதாக ஆகக் கண்ணின் லென்ஸ் மஞ்சளடித்துப்போகும். அந்த இரண்டு நிறத்தையும் பிரித்துப் பார்ப்பது சிரமம். வானொலியும் தப்பவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். முதுமையில் முதலில் மங்குவது கீச்சென்ற ஒலிகள்தான். அந்தக் காதுக்குத் தாளம் போட்டுக்கொண்டு வேகமாகப் பேசினால் என்ன எட்டும்?

அப்புறம் முதியோர் நோட்டீஸில் போடுகிற கைத்தடிப் படம். அறுபத்தைந்து வயதில் தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர் அதைப் பார்த்துவிட்டு, "இது வயசானவங்களுக்கு" என்று நடையைக் கட்டுவார்.

இதையெல்லாம் நன்றாகத் தெரிந்து வைத்திருப்பவர்கள் போலி மருந்து விற்கிறவர்கள். சர்க்கரை வியாதியைக் குணமாக்குவோம் என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. ஆனாலும் வருகிறது. நல்ல தமிழில், பெரிய எழுத்தில், 'இந்த நம்பருக்குக் கூப்பிடுங்கள்' என்று. படிக்கிறவருக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரிந்துவிடுகிறது. எனக்கு அவர்கள் மேல் கோபம் உண்டு, கொஞ்சம் பொறாமையும்.

சரி, அடுத்த நோட்டீஸை அச்சுக்குக் கொடுக்கும் முன்பே ஆத்தாவிடம் கொண்டுபோனேன். தமிழில், ஒரே வரி. பக்கத்தில் அப்பளம், மோர் மிளகாய், ஒரு பாட்டில் ஊறுகாய். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"அப்பளம் தெரியுது, மொளகா தெரியுது. பாட்டில்ல இருக்கறது தேனுங்களா?"

பாட்டிலை எடுத்துவிட்டுப் பீங்கான் பரணி வரையச் சொன்னோம்.