பகை நரம்பும் உறவுதான்

நண்பர்களே, ஒத்திசைவு என்றதும் எல்லாம் ஒரே மாதிரி இருப்பது, உரசலே இல்லாமல் இருப்பது என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். நம் பழைய இசைவாணர்கள் அப்படி நினைக்கவில்லை. சிலப்பதிகார உரையில் சுரங்களுக்கு இடையே நான்கு வகை உறவு வருகிறது: இணை, கிளை, நட்பு, பகை. நின்ற நரம்புக்கு, அதாவது எடுத்துக்கொண்ட சுரத்துக்கு, ஐந்தாவது கிளை, நான்காவது நட்பு, மூன்றாவதும் ஆறாவதும் பகை. பகையையும் உறவுகளில் ஒன்றாக வைத்தார்களே, அதை நினைத்து நினைத்து வியக்கிறேன்.

சரி, ஒரு தம்புராவுக்குப் பக்கத்தில் உட்காருங்கள். இருப்பது நான்கே தந்தி. வழக்கமான சுருதியில் ஒன்று பஞ்சமம் (ப), மற்ற மூன்றும் சட்ஜம் (ச). சுருதி சேர்த்த பிறகு, தந்திகளைத் தாங்கும் குதிரை என்ற கட்டைமேல், தந்திக்கு அடியில் இருக்கும் ஜீவாளி நூலை மயிரிழை மயிரிழையாக நகர்த்துவார்கள். இடம் பிடிபட்டதும் நாதம் சட்டென்று விரியும். அப்போது மந்தர சட்ஜத்தை, அதாவது கீழ் ஸ்தாயி சட்ஜத்தை, மீட்டினால் உள்ளிருந்து அந்தர காந்தாரம் (க) கேட்கும். காந்தாரத்துக்கென்று அங்கே தந்தியே கிடையாது! ஒரே தந்தி ஐந்து கூறாகவும் அதிர்வதால், ஐந்து மடங்கு அதிர்வெண்ணில் எழும் ஒலி அது. காந்தாரம் மூன்றாவது சுரம். பகை என்று பெயர் வாங்கியது சட்ஜத்தின் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது.

ஐரோப்பாவிலும் மூன்றாவது சுரம் எளிதில் உள்ளே வரவில்லை. பிதாகரஸ் வழிக் கணக்கில் அடிச் சுரத்தோடு அதன் அதிர்வெண் விகிதம் 81:64. இடைக்காலத்தில் அதை முழு இணக்கமாக ஒப்புக்கொள்ளவில்லை. அப்புறம் 5:4 என்ற இனிய விகிதத்துக்குக் காது பழகியது. இன்று அந்தச் சுரம் இல்லாமல் மேஜர் கார்டு என்ற மேற்கத்திய சுரக்கூட்டே இல்லை.

நிறத்திலும் இப்படித்தான். பாரிஸ் கோபெலின் நெசவுக்கூடத்தில் கறுப்புச் சாயம் எடுப்பாக இல்லை என்று புகார் வந்தது. சாயப் பிரிவுத் தலைவர் ஷெவ்ரல் சோதித்தார். சாயத்தில் குறையில்லை, பக்கத்தில் இருந்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பை மங்கவைத்தன. எதிர் நிறங்கள் அருகருகே வந்தால் ஒன்றையொன்று தூக்கிக்காட்டும் என்று 1839இல் நூலாக எழுதினார். அரக்குப் பட்டுக்குப் பச்சை பார்டர் போடும் நம் நெசவாளருக்கு இது கைப்பழக்கம்.

தத்துவத்தில் இதை அச்சமில்லாமல் சொன்னவர் எபேசஸ் நகரத்துப் பழங்கிரேக்கத் தத்துவஞானி ஹெராக்ளிட்டஸ். வில்லையும் யாழையும் பாருங்கள் என்றார். நாண் ஒரு பக்கம் இழுக்க, தண்டு மறுபக்கம் இழுக்கிறது. அந்த இழுபறிதான் இசைவு. தேவரிடமும் மனிதரிடமும் பூசலே ஒழியட்டும் என்று ஹோமரின் காவியத்தில் ஒரு வேண்டுதல் வரும். அதற்காக ஹோமரையே அவர் கண்டித்தார் என்று அரிஸ்டாட்டில் எழுதுகிறார். உயர்ந்த ஒலியும் தாழ்ந்த ஒலியும் இல்லாவிட்டால் இசைவு எங்கிருந்து வரும் என்பது ஹெராக்ளிட்டஸின் வாதம்.