4 வருடம் ஒன்றாகத் தூங்கிய பூனைகள், இன்று கதவுக்கு இரண்டு பக்கம்

வணக்கம் மக்களே. பின்னால் ஒரு உறுமல் கேட்கிறதா? அதுதான் இன்றைய வீடியோ. கதவுக்கு அந்தப் பக்கம் பஞ்சு, இந்தப் பக்கம் என் மடியில் சாம்பி. ஒரே ஈற்றில் பிறந்தவர்கள், 4 வருடமாக ஒருத்தி மேல் ஒருத்தி படுத்துத் தூங்கியவர்கள்.

போன வாரம் சாம்பிக்குப் பல் பிடுங்க வேண்டியிருந்தது. சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுவந்து கூடையைத் திறந்தேன். பஞ்சு ஒரு தடவை மோந்து பார்த்தாள், அவ்வளவுதான். சீறல், அடி, முடி பறந்தது. பூனைக்கு முகத்தைவிட வாசனைதான் அடையாளம். சாம்பி மேல் அன்றைக்கு மருந்து வாடை, வேறு விலங்குகளின் வாடை, போதாததற்கு மயக்க மருந்தின் தள்ளாட்டம். பஞ்சுவைப் பொறுத்தவரை வந்தது சாம்பியே இல்லை.

என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். 'பழகியவர்கள்தானே, தானாகச் சரியாகிவிடும்' என்று ஒரே அறையில் விட்டேன். அடுத்த சண்டையில் விலக்கிவிடக் கையை நீட்டினேன். இதோ, கட்டு. பூனைக்கடி மேலே ஊசி குத்தின மாதிரிதான் தெரியும், உள்ளே ஆழமாக இறங்கிச் சீழ் பிடிக்கும். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு டாக்டரிடம் போய்விடுங்கள். சண்டைக்கு நடுவே தலையணையையோ அட்டையையோ நுழையுங்கள், கை வேண்டவே வேண்டாம்.

இப்போது தனித்தனி அறை. சாம்பியின் கன்னத்தில் தேய்த்த துணி பஞ்சுவிடம், பஞ்சு படுத்த துணி இங்கே. கன்னத்தில் வாசனைச் சுரப்பிகள் இருக்கின்றன, அதனால்தான். சாப்பாட்டுக் கிண்ணம் கதவுக்கு இரண்டு பக்கமும். முதலில் தள்ளி வைத்தேன், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக நெருக்கி. உறுமினால் மறுபடி பழைய இடம்.

எனக்குச் சத்தமில்லாத சண்டைதான் அதிகப் பயம். லிட்டர் பாக்ஸுக்கு, அதாவது பூனை மலம், சிறுநீர் கழிக்கிற மண் பெட்டிக்குப் போகிற வழியில் ஒன்று சும்மா படுத்துக்கொண்டு முறைக்கும். மற்றது பெட்டிக்குப் போக முடியாமல் மூலையில் சிறுநீர் கழித்துவிடும். திட்டு வாங்குவது அதுதான், பாவம்! பூனைகளைவிட ஒரு பாக்ஸ் கூடுதலாக, வெவ்வேறு இடத்தில் வைக்கச் சொல்வது இதற்காகத்தான். அப்புறம், எங்கேயும் போகாத பூனை திடீரென்று அடிக்க ஆரம்பித்தால் எங்காவது வலி இருக்கலாம், முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நேற்று கிண்ணம் கதவிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தது. பஞ்சு முழுவதும் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் உறுமினாள். நான் அதை முன்னேற்றக் கணக்கில்தான் எழுதியிருக்கிறேன்.