கள்ளுக்கு மார்க் போடும் முன் மணியைப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் என்று எல்லையோரம் இருந்து கேட்பவர்களுக்குக் கள் என்றால் என்ன என்று விளக்கத் தேவையில்லை. கேன் ஏற்றிய வண்டி எர்ணாகுளத்துக்கும் திருச்சூருக்கும் கிளம்புவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நீங்கள். எல்லைக்கு அந்தப் பக்கம், பொள்ளாச்சியிலும் கிணத்துக்கடவிலும் 1987-லிருந்து கள்ளுக்குத் தடை. அங்கே கேட்பவர்கள் இன்றைக்குக் காதால் சுவைத்துக்கொள்ளுங்கள். கேரளத்தில் 23 வயது ஆகாதவர்களுக்கும் அதே பேச்சுதான். வயது வந்தவர்களானாலும், சுவை பார்த்த கையோடு வண்டி எடுப்பது கிடையாது. இதை முதலிலேயே சொல்லி வைத்துவிட்டேன்.

பீருக்கு மார்க் போடுகிற வழக்கம் உலகம் பூராவும் இருக்கிறது. அமெரிக்காவில் பீர் போட்டி நடுவர்கள் வைத்திருக்கும் தாளில் மொத்தம் 50 மார்க். வாசனைக்கு 12, பார்வைக்கு 3, சுவைக்கு 20, வாயில் அது உட்காரும் விதத்துக்கு 5, மொத்தத்தில் எப்படி என்பதற்கு 10. பெரிய கம்பெனி பீரோ, எங்கோ ஒரு குட்டித் தீவில் நாலு பேர் சேர்ந்து காய்ச்சிய பீரோ, தாள் ஒன்றுதான். நம் கள்ளுக்கும் இந்தத் தாளை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். பெரிய மாற்றம் வேண்டாம். தாளின் தலையில் இரண்டு கட்டம் மட்டும் போடுங்கள். முதல் கட்டத்தில் முட்டி, அதாவது கள் சொட்டும் பானை, மரத்தில் கட்டிய மணி. அடுத்த கட்டத்தில் முட்டி இறக்கிய மணி. இந்த இரண்டும் இல்லாத மார்க் செல்லாது. இதை நான் இன்னும் இரண்டு மூன்று முறை சொல்லுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏன் என்று பார்ப்போம். பீரில் தானியச் சாற்றைக் கொதிக்க வைக்கிறார்கள். அதில் இருக்கும் கிருமியெல்லாம் செத்துப்போகிறது. பிறகு ஆறவைத்து, தாங்கள் தேர்ந்தெடுத்த ஈஸ்ட்டைப் போடுகிறார்கள். கசப்புக்கு ஹாப்ஸ் என்கிற பூ. அந்தக் கசப்பே பல பாக்டீரியாக்களை அண்டவிடாது. வேலை முடிந்ததும் பாட்டிலில் அடைத்தால் மாதக்கணக்கில் நிற்கும். இன்று போட்ட மார்க் அடுத்த மாதமும் ஏறக்குறையச் சரியாகவே இருக்கும்.

கள்ளில் இந்தக் காவல் ஒன்றுகூட இல்லை. பாளையிலிருந்து சொட்டும்போது அது தெளிந்த இனிப்பு நீர். சர்க்கரை நூற்றுக்குச் சுமார் 12 முதல் 15 பங்கு, பெரும்பாலும் நம் வீட்டுச் சர்க்கரையின் அதே இனம். புளிப்பு இல்லை, பி.எச். அளவு 7-ஐ ஒட்டி இருக்கும். முட்டிக்குள் சுண்ணாம்பு தடவியிருந்தால் அப்படியே நிற்கும், அதுதான் நம் தெளுவு. சுண்ணாம்பு இல்லையென்றால் முட்டியின் ஓரத்திலும் பாளையிலும் காற்றிலும் ஈக்காலிலும் இருக்கிற ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் முதல் சொட்டிலேயே வேலையை ஆரம்பித்துவிடும். கள் வெள்ளையாக இருப்பதே அதனால்தான். அந்தப் பால்நிறம் மரம் கொடுத்தது கிடையாது, உள்ளே பெருகிய உயிர்கள் கொடுத்தது.

முதலில் லேசான புளிப்பு ஏறுகிறது, அது லாக்டிக் அமிலம், தயிரில் இருப்பது. கூடவே ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று சாராயச் சத்தையும் கரியமில வாயுவையும் விடுகிறது, நுரை பொங்குகிறது. அரை நாளுக்குள் சாராயச் சத்து 4, 5 சதவீதம் வந்துவிடும். ஒரு நாள் தாண்டினால் காற்றுப்பட்ட இடத்தில் காடி வாசனை, அதாவது வினிகர் வாசனை, எட்டிப் பார்க்கும். ஆக, காலை 6 மணிக்கு ஒரு கள், 10 மணிக்கு இன்னொரு கள், அந்திக்கு மூன்றாவது கள், மறுநாள் மூத்தது. முட்டி ஒன்றுதான், குடிக்கிற சரக்கு நாலு. ‘அந்த ஷாப்புக் கள்ளு 40 மார்க்’ என்று ஒருவர் சொன்னால், எத்தனை மணிக்கு என்று திருப்பிக் கேளுங்கள்.

சரி, எதற்கு இரண்டு மணி? இறக்கிய நேரம் போதாதா? போதாது. சாயந்தரம் 5-க்குக் கட்டிய முட்டியைக் காலை 6-க்கு இறக்குகிறோம். அதற்குள் இருப்பது ஒரே வயதுக் கள் இல்லை. அடியில் 13 மணி நேரம் ஆன சொட்டு, மேலே அரை நிமிடம் ஆன சொட்டு. இறக்கும்போது எல்லாம் கலந்துவிடும். பகலில் கட்டி அந்திக்கு இறக்கியதில் ஊறிய நேரம் குறைவு, ஆனால் வெயில் அதிகம். பத்து டிகிரி சூடு கூடினால் புளிக்கிற வேகம் ஏறக்குறைய இரட்டிப்பு. பங்குனி வெயிலில் பகல் முட்டி ஓடுகிற ஓட்டத்தைப் பனிக்கால ராத்திரி முட்டி ஓடாது. அதனால்தான் மரமேறியிடம் இரண்டு மணியையும் கேட்டு எழுதச் சொல்கிறேன். முடிந்தால் முட்டியைக் கழுவினார்களா, பழைய கள்ளைக் கொஞ்சம் அடியில் விட்டுக் கட்டினார்களா என்பதையும். பழசை விட்டிருந்தால் அது தோசை மாவுக்குப் பழைய மாவு ஊற்றுவது போல. ஓட்டம் முதல் மணியிலிருந்தே வேகம்.

இனி மேசைக்கு வருவோம். எவர்சில்வர் டம்ளர் வேண்டாம், நிறமும் நுரையும் தெரியாது. சாதாரணக் கண்ணாடி கிளாஸ், சோப்பு வாசனை துளியும் இல்லாமல் வெந்நீரில் அலசியது. ஒரு மாதிரிக்கு 50 மில்லி போதும். ஒரு அமர்வுக்கு ஆறு மாதிரிக்கு மேல் வேண்டாம், நாக்கு அலுத்துவிடும். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த உடனே பார்க்காதீர்கள், குளிரில் வாசனையும் இனிப்பும் அடங்கிவிடும். மண்பானைத் தண்ணீர் அளவுக் குளிர்ச்சி சரி. பாட்டிலை இறுக்கி மூடிக் கொண்டுவரவும் வேண்டாம். கண்ணாடியாக இருந்தால் வெடிக்கும். பிளாஸ்டிக்காக இருந்தால் உப்பி, திறந்ததும் பாதி கூரைக்குப் போகும்.

கிளாஸ்களுக்குப் பெயர் எழுதாமல் எண் எழுதுங்கள். ஊற்றுகிறவர் வேறு, சுவைக்கிறவர் வேறு. யார் தோப்புக் கள் என்று தெரிந்த பின்னால் நாக்கு நடுநிலை பேசாது, அதுவும் நம் ஊரில்! ஆறில் ஒன்றை இரண்டு எண்ணில் இரண்டு தடவை வையுங்கள். ஒரே கள்ளுக்கு ஒருவர் 32-ம் 41-ம் போட்டால் அன்றைக்கு அவர் தாளை ஓரமாக வைத்துவிடலாம். ஒரு மாதிரிக்கும் அடுத்ததற்கும் நடுவே வெறும் தண்ணீர், உப்பில்லாத பொரி. ஷாப்பு மீன்கறியை அன்றைக்கு மறந்துவிடுங்கள். காந்தாரி மிளகாய் பட்ட நாக்குக்குக் கள்ளும் காடியும் ஒன்றுதான். மீன்கறியே சரியில்லாத கள்ளை மறைக்க வந்ததோ என்று சில நேரம் தோன்றும், அது வேறு கதை.

முதலில் மூக்கு. ஊற்றிய அரை நிமிடத்துக்குள் முகர வேண்டும், வாயுவோடு வாசனை பறந்துவிடும். பிறகு ஒரு வாய் எடுத்து, நாக்கு முழுக்கப் படவிட்டு, துப்பிவிட்டு, வாயை மூடி மூக்கு வழியாக மூச்சு விடுங்கள். பாதிச் சுவை அந்த மூச்சில்தான் வரும். நுனியில் இனிப்பு, ஓரத்தில் புளிப்பு என்று பள்ளிக்கூடத்தில் படித்த நாக்குப் படத்தை நம்ப வேண்டாம். 1901-ல் ஒரு ஜெர்மானியர் அளந்த சின்ன வித்தியாசத்தைப் பின்னால் வந்தவர்கள் தப்பாகப் படித்ததில் பிறந்த படம் அது.

குறைகளுக்கு வருகிறேன். காடி வாசனை என்றால் காற்றும் நேரமும், அல்லது கழுவாத முட்டி. நெயில் பாலிஷ் வாசனை அதே காடியின் அண்ணன், காடியும் சாராயமும் சேர்ந்து உண்டானது. வெண்டைக்காய் போல இழுவை வந்தால் சர்க்கரையைப் பசையாக்கும் ஒரு பாக்டீரியா முட்டியில் குடியேறிவிட்டது என்று அர்த்தம். அந்த முட்டியைக் கொதிநீர் ஊற்றிக் கழுவி வெயிலில் காயவைக்காமல் திரும்பக் கட்டக் கூடாது. சோப்புப் போன்ற வழுவழுப்பும் கசப்பும் சுண்ணாம்பு மிச்சம். வெண்ணெய் வாசனை லேசாக இருந்தால் விட்டுவிடலாம், தூக்கலாக இருந்தால் இரண்டு மார்க் குறையுங்கள்.

அழுகிய முட்டை வாசனை என்று ஒன்று உண்டு. இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். கள்ளில் ஈஸ்ட் மட்டும் சாராயம் செய்வதில்லை, ஸைமோமோனஸ் என்ற பாக்டீரியாவும் செய்கிறது. இங்கிலாந்தில் ஆப்பிள் மது செய்கிறவர்களுக்கு இது நோய். பீர் ஆலைக்காரர்களுக்கு இது திருடன், ஒரு பீப்பாயில் புகுந்தால் கந்தக நாற்றம் வந்து கொட்ட வேண்டியதுதான். அதே பாக்டீரியாவை 1920-களில் லிண்ட்னர் என்ற ஜெர்மானிய அறிஞர் மெக்சிகோவில் புல்கே என்ற பானத்திலிருந்து பிரித்தெடுத்தார். புல்கே என்ன தெரியுமா? நம் ரயில் பாதை ஓரம் நிற்கிற கற்றாழை இருக்கிறதே, அந்த வகைச் செடியின் நடுவைக் குடைந்து, ஊறுகிற இனிப்பு நீரைத் தினம் எடுத்துப் புளிக்க வைப்பது. வெள்ளை, நுரை, புளிப்பு, லேசான இழுவை. அந்த ஊர்க் கள் என்றே சொல்லலாம்! பீர்க்காரர் விரட்டுகிற அதே உயிர் அங்கேயும் இங்கேயும் சமையல்காரர். ஆகவே பீர்த் தாளில் குறை என்று அச்சடித்ததையெல்லாம் கள்ளில் குறை என்று போடாதீர்கள். லேசான கந்தகம் கிளாஸில் இரண்டு நிமிடத்தில் பறந்துபோனால் மார்க் குறைக்க வேண்டாம். போகாமல் உட்கார்ந்திருந்தால் குறையுங்கள். இங்கேயும் மணிதான், கவனித்தீர்களா?

அடியில் தங்குகிற வண்டலை மலையாளத்தில் மட்டு என்பார்கள். பழந்தமிழில் மட்டு என்றால் கள்ளே. தெளிந்ததற்குத் தேறல் என்று தனிப் பெயர். கலக்கியதையும் தெளிந்ததையும் தனித்தனியாகச் சுவைத்து, எதற்கு மார்க் போட்டோம் என்று எழுதுங்கள்.

அடுத்தது கலப்படம். இங்கே நாக்கை மட்டும் நம்பினால் ஏமாறுவோம், ஹைட்ரோமீட்டர் வேண்டும். பால் அளக்கிற லாக்டோமீட்டரின் உறவுக்காரக் குழாய், அடர்த்தியைக் காட்டுவது. தண்ணீரில் மிதந்து 1.000 காட்டும், சர்க்கரை கரைந்திருந்தால் எண் ஏறும். கள்ளை முதலில் டீ ஆற்றுவது போல இருபது தடவை ஆற்றி வாயுவைப் போக்குங்கள். குமிழி ஒட்டினால் குழாய் தூக்கிப் பொய் சொல்லும். புதுச் சொட்டு 1.060 காட்டியது, இப்போது 1.020 என்றால் வித்தியாசம் 0.040, அதாவது 40 புள்ளி. அதை 0.131-ஆல் பெருக்குங்கள், 5.2 சதவீதம் சாராயம். கேரள விதியில் தென்னங்கள்ளுக்கு ஓர் உச்ச வரம்பும் உண்டு. முதல் அளவுக்கு அதே மரத்தில் சுத்தமான பாத்திரம் கட்டி அரைமணி நேரச் சொட்டைப் பிடியுங்கள், இறக்கியதை அளந்தால் அது ஏற்கெனவே ஓடிய கள். இரண்டையும் ஒரே சூட்டில் அளக்க வேண்டும். 20 டிகிரிக்குச் செய்த குழாய் நம் ஊர் 30 டிகிரியில் இரண்டு மூன்று புள்ளி குறைத்துக் காட்டும்.

இதில் ஒரு பலன் உண்டு. குழாய் 1.005 காட்டுகிறது, சர்க்கரை தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். ஆனால் நாக்கோ இனிக்கிறது என்கிறது. அப்படியானால் இனிப்பு பாளையிலிருந்து வரவில்லை, சாக்கரின் போட்டிருக்கிறார்கள். துப்பிய பிறகும் போகாத இனிப்பும் கடைசியில் உலோகக் கசப்பும் அதற்குச் சாட்சி. வெண்மைக்காக மாவு கரைத்திருந்தால் ஒரு சொட்டு அயோடின் விட்டால் நீலமாகும். ஆனால் மயக்க மருந்துக் கலப்படத்தை எந்த நாக்கும் எந்தக் குழாயும் காட்டாது, ஆய்வகம்தான் காட்டும். நாலு மடக்குக்கு மீறிய மயக்கம் வந்தால் மார்க் போட்டுக்கொண்டிருக்காதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள், கிளாஸில் மிச்சம் இருப்பதையும் எடுத்துப் போங்கள்.

ஸ்டூடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூன்று விரல் காட்டுகிறார்கள், இன்னும் மூன்று நிமிடம். பனங்கள்ளைப் பற்றித் தனியாகப் பேச நினைத்திருந்தேன், இனி முடியாது. ஒன்று மட்டும்: பனைக்குப் பருவம் உண்டு, தென்னை வருடம் பூராவும் ஓடும், அதனால் இரண்டையும் ஒரே வரிசையில் வைத்து மார்க் போடாதீர்கள், தனித்தனி மேசை.

மிச்சக் கள்ளைக் கொட்டாதீர்கள். இரண்டு கப் பச்சரிசி, நாலு மணி நேரம் ஊறியது, அரை கப் தேங்காய்த் துருவல், அரை கப் சோறு, முக்கால் கப் கள். தண்ணீருக்குப் பதில் கள்ளை ஊற்றி அரைத்து, ராத்திரி மூடி வையுங்கள், பாத்திரம் பாதிக்கு மேல் நிறையக் கூடாது, பொங்கும். உப்பும் இரண்டு ஸ்பூன் சர்க்கரையும் காலையில் ஆப்பம் ஊற்றும்போது. இதற்கு இளங்கள் வேண்டும், மூத்ததை ஊற்றினால் ஆப்பம் காடி மணக்கும். எது இளசு என்று எப்படித் தெரியும் என்கிறீர்களா? கேனில் மணி எழுதி ஒட்டியிருப்பீர்களே, அதைப் பாருங்கள். வணக்கம்.