அக்கறை என்னும் முட்டுக்கட்டை

தலைவர் அவர்களே, ஞாயிற்றுக்கிழமைத் துணி துவைப்பை ஒத்திவைத்துவிட்டு வந்திருக்கும் தோழியர்களே, வணக்கம்.

அரசுப் பணியில் பெண்கள் என்று பேச்செடுத்தால் எல்லோரும் முதலில் கணக்கைத்தான் எடுத்து வைக்கிறார்கள். தமிழ்நாட்டில் 1989-இல் 30 சதவீத இடஒதுக்கீடு வந்தது. அதை 40 ஆக்குவதாக 2021-இல் சட்டப்பேரவையில் அறிவித்தார்கள். நல்லது. ஆனால் இது வேலைக்குச் சேரும் நாளோடு முடிந்துவிடுகிற கணக்கு. சேர்ந்தபின் உங்களை எந்த நாற்காலியில் உட்கார வைக்கிறார்கள் என்பதை எந்தச் சதவீதமும் தீர்மானிப்பதில்லை. அதைப் பெரும்பாலும் மேலதிகாரியின் அக்கறைதான் தீர்மானிக்கிறது. என் முப்பது ஆண்டுப் பணிக்காலத்தில் விரோதத்தால் என்னைத் தடுத்தவர்கள் குறைவு. அக்கறையால் தடுத்தவர்களை எண்ணி முடியாது.

இது பழைய வியாதி. ஐ.ஏ.எஸ். அதிகாரியான முதல் பெண் அன்னா ராஜம், 1951-இல் பணியில் சேர்ந்தவர். நேர்முகத் தேர்வில் இருந்தவர்கள் அவரை விரட்டவில்லை. வெளியுறவுப் பணிக்குப் போங்களேன், பெண்களுக்கு அதுதான் ஏற்றது என்று பரிவோடு சொன்னார்கள். அவர் அசையவில்லை, சென்னை மாநிலத்தைக் கேட்டு வாங்கினார். திருமணம் செய்துகொண்டால் வேலை போகும் என்று நியமன ஆணையிலேயே எழுதியிருந்தது. இங்கே வந்தால் முதலமைச்சர் ராஜாஜிக்குத் தயக்கம். மாவட்டத்தில் சட்டம் ஒழுங்கை ஒரு பெண் எப்படிப் பார்ப்பாள், தலைமைச் செயலகத்திலேயே இருக்கட்டுமே என்பது அவர் எண்ணம். குதிரையேற்றமும் துப்பாக்கிச் சுடுதலும் கற்றுத்தான் வந்திருக்கிறேன் என்று வாதாடி, ஓசூரில் சப் கலெக்டர் ஆனார். அங்கே குதிரையில் ஒரு கிராமத்துக்குப் போனபோது, பார்க்கத் திரண்ட பெண்களில் ஒரு பாட்டி, இவளும் நம்மைப் போலத்தானே இருக்கிறாள் என்று ஏமாற்றத்தோடு சொன்னாராம். எனக்கு அந்தப் பாட்டியை மிகவும் பிடிக்கும்.

அவர் அன்று செயலகத்துக்கே ஒப்புக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒன்றும் கெட்டிருக்காது. சம்பளம் அதேதான். மாவட்ட அனுபவம் மட்டும் இருந்திருக்காது. பெரிய பொறுப்புக்கு ஆள் தேடும்போது, பாவம், அந்த அம்மாவுக்குக் களம் தெரியாதே என்று ஒதுக்கியிருப்பார்கள்.

எங்கள் வருவாய்த் துறைக்கு வருகிறேன். தாலுகாவை நடத்தும் வட்டாட்சியர் உண்டு, தனி வட்டாட்சியர் உண்டு. இருவருக்கும் பதவி ஒன்றுதான். முன்னவர் கிராமக் கணக்குகளைச் சரிபார்க்கும் ஜமாபந்திக்கு ஓடுவார், வெள்ளம் வந்தால் நள்ளிரவில் ஏரிக்கரையில் நிற்பார், தேர்தல் பார்ப்பார். கலெக்டருக்கு அவர் குரல் தொலைபேசியிலேயே அடையாளம் தெரியும். பின்னவர் முதியோர் உதவித்தொகை மனுக்களையோ நில எடுப்புக் கோப்புகளையோ பார்ப்பார். அதுவும் மதிப்பான வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் நான் வேலை பார்த்த மாவட்டத்தில் பெண்ணுக்குப் பதவி உயர்வு வந்தால் ‘தனி’ என்ற சொல் தானாக வந்து முன்னால் ஒட்டிக்கொள்ளும். கேட்டால், “இரவில் அலைய வேண்டாமே அம்மா, உங்களுக்காகத்தான்” என்பார்கள். எனக்காக என்று சொல்லும்போது எப்படிச் சண்டை போடுவது?

வெளியுறவுப் பணியில் இருந்த சி.பி. முத்தம்மா சண்டை போட்டார். பெண் அதிகாரி திருமணத்துக்கு முன் அரசிடம் எழுத்துப்பூர்வமாக அனுமதி பெற வேண்டும், குடும்பம் வேலைக்கு இடையூறு என்று அரசு கருதினால் அவரை ராஜினாமா செய்யச் சொல்லலாம் என்று அங்கே ஒரு விதி இருந்தது. பதவி உயர்வு மறுக்கப்பட்டு உச்ச நீதிமன்றம் போனார். வழக்கு நடக்கும்போதே அரசு அவசரமாக உயர்வைக் கொடுத்துவிட்டதால் 1979-இல் மனு தள்ளுபடியானது. ஆனாலும் நீதிபதி கிருஷ்ண ஐயர் விடவில்லை. குடும்பப் பொறுப்பு பெண்ணின் வேலையைக் கெடுக்கும் என்றால் ஆணின் வேலையை மட்டும் கெடுக்காதா என்று தீர்ப்பிலேயே கேட்டுவிட்டார்.

இனி என் குற்றத்தைச் சொல்கிறேன். ஓர் அலுவலகத்தில் என் பக்கத்து மேசைத் தோழிக்குப் பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் வந்தது. பணியிடம் எழுபது கிலோமீட்டர் தள்ளி. மகன் பிளஸ் டூ. இரண்டு நாள் தபால் கட்டையே பிரிக்காமல் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள், “உன் கையெழுத்து நன்றாக இருக்கும், நீயே எழுதிக் கொடு” என்று ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். பதவி உயர்வு வேண்டாம் என்கிற உரிமைவிடல் கடிதம். ‘குடும்பச் சூழ்நிலை காரணமாக’ என்று நான்தான் எழுதினேன். ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. கையெழுத்துப் போடும்போது பேனா எழுதவில்லை, என்னுடையதைக் கொடுத்தேன். அதுவும் அக்கறைதான்.

பட்டியலில் அடுத்து இருந்தவர் அந்த இடத்துக்குப் போனார். தோழியைவிட நான்கு ஆண்டு இளையவர். அவருடைய மகனும் அந்த ஆண்டு பிளஸ் டூதான்.