கடைசி வண்டி வரும் வரை

நேயர்களுக்கு வணக்கம்.

மெக்சிகோவின் மேற்கு ஓரத்தில், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்துக்கு நேர் தெற்கே, ஒடுங்கலாக நீண்டு கிடக்கும் தீபகற்பம் பாஹா கலிபோர்னியா. வடக்கே எல்லையோரம் தீஹ்வானா நகரம், தெற்கு முனையில் காபோ சான் லூகாஸ். இரண்டுக்கும் நடுவே 1,200 கிலோமீட்டருக்கு மேல் நிலம். மேற்கே பசிபிக் பெருங்கடல், கிழக்கே கோர்தெஸ் கடல் என்று அழைக்கப்படும் வளைகுடா. குறுக்கே அளந்தால் சில இடங்களில் 100 கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் அந்தக் குறுகிய அகலத்துக்குள்ளேயே பைன் காடுள்ள மலை, பாறைக்காடு, உப்பளம், மணல் ஆறு என்று எல்லாம் அடுத்தடுத்து வந்துவிடும்.

இந்த மண்ணில் தார் ரோட்டை விட்டு இறங்கி மோட்டார் சைக்கிளில் குழுவாகப் போவதைப் பற்றிப் பேசும்படி கேட்டிருக்கிறார்கள். நான் குடியிருப்பது தெற்குக் கலிபோர்னியாவில். குளிர்காலம் வந்தால் நண்பர்களோடு எல்லை தாண்டிவிடுவது வழக்கமாகிவிட்டது. பைக்கைப் பற்றிப் பேசச் சொன்னால் விடிய விடியப் பேசலாம். ஆனால் பாஹா என்றதும் எனக்கு முதலில் சொல்லத் தோன்றுவது, செல்போன் சிக்னல் இல்லாத பாலைவனத்தில் எட்டுப் பேர் ஒருவரையொருவர் தொலைக்காமல் எப்படிப் போய்ச் சேருகிறார்கள் என்பதைத்தான்.

அதற்கு முன் கொஞ்சம் பழைய கதை. 1962-இல் டேவ் ஈகின்ஸ், பில் ராபர்ட்சன் ஜூனியர் என்ற இரண்டு அமெரிக்கர்கள் ஹோண்டாவின் 250 சிசி வண்டிகளில் தீஹ்வானாவிலிருந்து தெற்கே உள்ள லா பாஸ் நகரம் வரை ஓட்டினார்கள். தன் புதிய வண்டி எவ்வளவு தாங்கும் என்று காட்ட நினைத்தது ஹோண்டா. ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர், பெரும்பகுதி மண்பாதை. கிளம்பிய ஊரிலும் போய்ச் சேர்ந்த ஊரிலும் தந்தி ஆபீசில் நேரம் பதிந்துகொண்டார்கள், அதுதான் அத்தாட்சி. ஈகின்ஸ் 40 மணி நேரத்துக்குள் முடித்துவிட்டார். 1967-இல் அந்த இரண்டு ஊர்களுக்கு நடுவே முதல் பந்தயம் நடந்தது. இன்று உலகம் முழுக்கப் பெயர் பெற்ற பாஹா 1000 அதன் வழிவந்ததுதான். தீபகற்பத்தின் நீளத்துக்கும் ஓடும் முதலாம் எண் நெடுஞ்சாலை தார் போட்டு முடிந்தது 1973-இல். அதாவது, தார் ரோட்டுக்கு முன்பே இங்கே பந்தயம் வந்துவிட்டது.

சரி, இன்றைக்கு வருவோம். நெடுஞ்சாலை இருக்கிறது, ஊர்கள் இருக்கின்றன, பெட்ரோல் பங்குகளும் இருக்கின்றன. ஆனாலும் எல் ரோசாரியோ என்ற சிற்றூரைத் தாண்டித் தெற்கே போனால் 300 கிலோமீட்டருக்கு மேல் நம்பிப் போகக்கூடிய பங்க் கிடையாது. வழியில் கத்தாவின்யா என்ற இடத்தில் பீப்பாயில் வைத்து விற்பார்கள், அதுவும் இருந்தால்தான். சாதாரண 650 சிசி வண்டியின் டேங்க் 13 லிட்டர் பிடிக்கும் என்று வையுங்கள். தார் ரோட்டில் 250 கிலோமீட்டர் தேறலாம். மணலில் இறங்கிவிட்டால் அந்தக் கணக்கு செல்லாது, எஞ்சின் அலறிக்கொண்டே குடிக்கும். அதனால் பெரிய டேங்க் மாட்டிக்கொள்வார்கள், அல்லது பின்னால் கேன் கட்டிக்கொள்வார்கள். குழுவில் யாருடைய வண்டி குறைவாகப் பிடிக்குமோ, அந்த வண்டியை வைத்துத்தான் அன்றைய தூரத்தைத் தீர்மானிக்க வேண்டும்.

பாதை என்றேன். அதுவும் நிலையானது அல்ல. புயல் மழை ஒன்று வந்தால் காய்ந்து கிடந்த ஓடையில் வெள்ளம் புரண்டு, போன வருஷம் ஓட்டிய வழியில் ஆள் உயரப் பாறையைக் கொண்டுவந்து போட்டுவிடும். உள்ளூர்க்காரர்கள் பக்கத்தில் புதுத் தடம் போடுவார்கள். அதுவும் குழிந்துபோனால் இன்னொன்று. இப்படி ஒரே திசையில் நாலைந்து தடங்கள் பிரிந்து, சேர்ந்து, மறுபடி பிரிந்து ஓடும். ஜிபிஎஸ் கோடு காட்டும். அந்தக் கோட்டில் இப்போது பாதை இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது.

இதோடு புழுதியும் சேர்ந்துகொள்ளும். முன்னால் போகிறவர் கிளப்பும் புழுதி காற்றில்லாத காலை வேளையில் அப்படியே நிற்கும். பக்கத்தில் ஒட்டிப் போனால் கல்லும் தெரியாது, குழியும் தெரியாது. அதனால் அவரவர் புழுதி அடங்கும்வரை இடைவெளி விட்டுத்தான் ஓட்ட வேண்டும். எட்டு வண்டி என்றால் முதல் வண்டிக்கும் கடைசி வண்டிக்கும் நடுவே பல கிலோமீட்டர் ஆகிவிடும். கண்ணாடியில் பார்த்துப் பின்னால் வருகிறவரைக் கவனித்துக்கொள்வது என்ற சாலை வழக்கம் இங்கே உதவாது.

அதற்கு இங்கே ஓட்டுகிறவர்கள் கையாளும் முறை மிக எளிமையானது. முன்னால் ஒரு லீடர், கடைசியில் ஒரு ஸ்வீப். இந்த இருவரும் நாள் முழுக்க மாறுவதில்லை. பாதை பிரியும் இடம் வந்ததும் லீடர் நின்று, தனக்கு அடுத்து வருகிறவருக்குக் கையால் திசையைக் காட்டிவிட்டுப் போய்விடுவார். அந்த இரண்டாவது ஆள் அந்த முக்கிலேயே நிற்க வேண்டும். வருகிற ஒவ்வொருவருக்கும் வழியைக் காட்ட வேண்டும். ஸ்வீப் வந்து தலையசைத்த பிறகுதான் அவர் கிளம்பலாம். அடுத்த முக்கில் இன்னொருவர் நிற்பார். இப்படியே சுற்றிச் சுற்றி எல்லோருக்கும் நிற்கும் முறை வரும்.

கேட்க ஒன்றுமில்லாததுபோல இருக்கிறதா? வெயிலில், பெயர் தெரியாத ஒரு பிரிவில், ஹெல்மெட்டைக் கழற்றி டேங்க் மேல் வைத்துவிட்டு, முன்னால் போனவர்களின் சத்தம் அடங்கிய பின் தனியாக நிற்கும்போதுதான் அதன் கனம் தெரியும். பத்து நிமிஷம் ஆகும். சில சமயம் அரை மணி ஆகும். முன்னால் போய் ஒரு மேட்டில் ஏறிப் பார்க்கலாமே என்று தோன்றும். போகக் கூடாது. நிற்கிறவர் நகர்ந்துவிட்டால் பின்னால் வருகிற எல்லோருக்கும் பாதை அறுந்துவிடும். வேகமாக ஓட்டுகிறவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் குழுவுக்கு ஆள் சேர்க்கும்போது நான் முதலில் பார்ப்பது, இவர் நிற்கச் சொன்ன இடத்தில் நிற்பாரா என்பதைத்தான்.

ஒரு முறை சான் இக்னாசியோ காயலிலிருந்து தெற்கே, பசிபிக் கரையோரமாக உப்பு வெளிகளைக் கடந்து போய்க்கொண்டிருந்தோம். தடங்கள் பல கிளையாகப் பிரியும் இடம் அது. ஒரு நண்பரின் முன் சக்கரம் புழுதிமண்ணில் புதைந்து வண்டி சாய்ந்துவிட்டது. அந்த மண்ணைக் கையில் அள்ளினால் விரலிடுக்கில் ஒழுகிவிடும், அவ்வளவு பொடி. மேலே பார்த்தால் சமதரையாகத்தான் தெரியும். அடியில் முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் இருக்கும். நண்பரின் கால் வண்டிக்கு அடியில் சிக்கிக்கொண்டது. பின்னால் வந்த ஸ்வீப் பார்த்துவிட்டார், ஆனால் ஒருவராக வண்டியைத் தூக்க முடியவில்லை. மண்ணைக் கையாலேயே தோண்டிக் காலுக்கு இடம் பண்ணிக்கொண்டிருந்தார்.

முன்னால் இருந்த எங்களுக்கு இது எதுவும் தெரியாது. போனும் இல்லை. ஆனால் முக்கில் நின்ற நண்பர் நகரவில்லை. அதனால் அவருக்கு முந்தைய ஆள் அடுத்த முக்கில் நகரவில்லை. அவருக்கும் முன்னால் இருந்த லீடர், யாரும் வராததைப் பார்த்து வண்டியைத் திருப்பினார். காத்திருக்கும் நேரம் இவ்வளவு, அதற்கு மேல் போனால் வந்த வழியே திரும்ப வேண்டும் என்று காலையிலேயே பேசி வைத்திருந்தோம். ஒவ்வொரு முக்கிலும் ஆள் நின்றதால் திரும்பும் வழியைத் தேட வேண்டியிருக்கவில்லை. போய்ச் சேர்ந்து நாலு பேராக வண்டியைத் தூக்கினோம். கணுக்கால் வீங்கியிருந்தது, எலும்பு முறியவில்லை. கெட்டியான பூட்ஸ் காப்பாற்றியது. அன்றைக்கு அவர் வண்டியின் சுமையை மற்றவர்கள் பிரித்து எடுத்துக்கொண்டோம்.

இப்போது செயற்கைக்கோள் வழியே குறுஞ்செய்தி அனுப்பும் சிறு கருவிகள் வந்துவிட்டன. குழுவில் குறைந்தது இரண்டு இருப்பது நல்லது, ஒன்று லீடரிடம், ஒன்று ஸ்வீப்பிடம். ஆனால் அந்தக் கருவி வண்டியைத் தூக்காது. பக்கத்தில் ஆள் வேண்டும்.

பஞ்சர் பற்றிச் சொல்லாமல் பாஹா பற்றிப் பேச முடியாது. கூர்க்கல்லும் கள்ளி முள்ளும் டியூபைச் சும்மா விடாது. முன் சக்கரம் 21 அங்குலம், பின் சக்கரம் 18 அங்குலம். இரண்டுக்கும் மாற்று டியூப் வைத்திருந்தால் நல்லது. இடமில்லை என்றால் 21 அங்குல டியூப் ஒன்றைக் கொண்டுபோங்கள், அவசரத்துக்குப் பின் சக்கரத்திலும் அது உட்காரும். டயரை ரிம்மிலிருந்து பிரித்ததும் உடனே புது டியூபைப் போட்டுவிடாதீர்கள். கையுறை போட்டுக்கொண்டு டயரின் உட்புறத்தை ஒரு சுற்று தடவிப் பாருங்கள். உடைந்த முள்ளின் நுனி உள்ளே இருந்தால் புது டியூபும் அரை மணியில் போய்விடும். லீவரைக் கொண்டு டயரை ஏற்றும்போது எதிர்ப்பக்கத்து விளிம்பை முழங்காலால் அழுத்தி ரிம்மின் நடுப்பள்ளத்தில் இறக்கிவிட வேண்டும். அது இறங்கவில்லை என்றால் எவ்வளவு பலம் போட்டாலும் வராது, லீவர்தான் டியூபைக் கடித்துவிடும்.

மணலில் ஓட்டுவதற்கு டயர் காற்றை 15 பிஎஸ்ஐ அளவுக்குக் குறைத்துக்கொள்வார்கள். எழுந்து நின்று, எடையைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி, தூரத்தைப் பார்த்து, ஆக்ஸிலரேட்டரை விடாமல் பிடித்தால் முன் சக்கரம் லேசாகி மணலுக்கு மேலே போகும். பயத்தில் ஆக்ஸிலரேட்டரை விட்ட கணமே முன் சக்கரம் புதையும். வடகிழக்குக் கரையில் உள்ள சான் பெலிப்பே ஊர்ப் பக்கம் போனால் இன்னொரு சோதனை உண்டு. பந்தய டிரக்குகள் ஓடி ஓடி மண்ணை வரிசையாகக் குவித்து, மேடும் பள்ளமுமாக மைல் கணக்கில் ஆக்கி வைத்திருக்கின்றன. தொடையும் முதுகும் அங்கே தம் கணக்கைத் தீர்த்துக்கொள்ளும்.

பாஹாவின் நடுப்பகுதி எனக்கு மிகப் பிடித்தது. கத்தாவின்யாவைச் சுற்றி வீடு அளவு உருண்டைப் பாறைகள். அவற்றுக்கு நடுவே கார்தோன் கள்ளி, உலகின் மிக உயரமான கள்ளி வகைகளில் ஒன்று, 15 மீட்டரைத் தாண்டி நிற்கும். அதன் பக்கத்தில் சிரியோ மரம். அடி தடித்து, மேலே போகப் போக மெலிந்து, உடம்பு முழுக்கக் குச்சிக் கிளைகளோடு நிற்கும் இந்த மரத்தை இந்தத் தீபகற்பத்தையும் எதிர்க்கரையில் ஒரு சிறு பகுதியையும் தவிர வேறெங்கும் இயற்கையாகக் காண முடியாது. மிக மெதுவாக வளர்வது. இந்தப் பகுதி சட்டப்படி பாதுகாக்கப்பட்டது. இருக்கிற தடத்தை விட்டு விலகி ஓட்டினால் சக்கர வடு ஆண்டுக்கணக்கில் மறையாது. தடத்தை விட்டு விலகுகிற ஒருவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் நாங்கள் அடுத்த முறை அழைப்பதில்லை.

மக்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாதை பல இடங்களில் ராஞ்சோ எனப்படும் மாட்டுப் பண்ணைகளுக்குள்ளே போகும். கதவு மூடியிருந்தால் திறந்து கடந்து மறுபடி மூட வேண்டும், திறந்திருந்தால் அப்படியே விட வேண்டும். வீட்டு முற்றத்தில் கோழியும் குழந்தையும் இருக்கும், அங்கே நடை வேகம்தான். இந்தப் பண்ணைகளில் மச்சாக்கா கிடைக்கும். உலர்த்திய மாட்டிறைச்சியை நார் நாராகப் பிய்த்து, முட்டையோடு வதக்கி, தோர்த்தியா என்ற மெல்லிய கோதுமை ரொட்டியில் சுருட்டித் தருவார்கள். காலை ஏழு மணிக்கு அதைச் சாப்பிட்டால் மதியம் வரை பசிக்காது. சான் இக்னாசியோ ஊரின் நடுவே பேரீச்சந்தோப்பு, 18-ஆம் நூற்றாண்டுக் கல் தேவாலயம், அதன் எதிரே ஆல் இனத்தைச் சேர்ந்த பெரிய மரங்கள் நிழல் தரும் சதுக்கம். மூன்று நாள் புழுதிக்குப் பிறகு அந்த நிழலில் உட்கார்ந்தவர்களை எழுப்புவது லீடருக்குப் பெரும்பாடு.

போக நினைக்கிறவர்களுக்குச் சில வார்த்தைகள். நவம்பரிலிருந்து மார்ச் வரைதான் சரியான காலம். கோடையில் கிழக்குக் கரையில் 40 பாகைக்கு மேல் போகும், யாரையும் கூட்டிப் போக மாட்டேன். ஜனவரி முதல் மார்ச் வரை போனால் காயல்களில் குட்டி போட வரும் சாம்பல் திமிங்கிலங்களையும் பார்க்கலாம். மெக்சிகோவில் செல்லும் வாகனக் காப்பீடு தனியாக எடுக்க வேண்டும், நுழைவு அனுமதித் தாளை எல்லையிலேயே வாங்கிவிடுங்கள். வழியில் ராணுவச் சோதனைச் சாவடிகள் வரும். ஹெல்மெட்டைக் கழற்றிப் பொறுமையாகப் பதில் சொன்னால் போதும். இருட்டிய பிறகு ஓட்டவே கூடாது, ரோட்டில் மாடு படுத்திருக்கும்.

அப்புறம், ஸ்வீப் யார் என்பதை முதல் நாள் இரவே முடிவு செய்யுங்கள். குழுவிலேயே நன்றாக ஓட்டுகிற, பழுது பார்க்கவும் தெரிந்த ஒருவரைக் கடைசியில் போடுங்கள், மருந்துப் பெட்டியும் பெரிய ஸ்பேனர் பையும் அவரிடமே இருக்கட்டும். புதிதாக வருகிறவரை அவருக்கு நேர் முன்னால் விடுங்கள்.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.