15,000 ரூபாய், ஒரே லென்ஸ், எல்லா வேலையும்: எதை வாங்குறது?

சரி, அடுத்த கேள்வி. ஒரு தம்பி அனுப்பியிருக்கார், அப்படியே படிக்கிறேன். "என்கிட்ட கேனான் 1500டி கேமரா இருக்கு. கூட வந்த 18-55 லென்ஸ் மட்டும்தான். வீட்டு விசேஷம், கோயில், அக்கா குழந்தை, எப்பவாவது வெளியூர், இதைத்தான் எடுக்கிறேன். 15,000 ரூபாய் சேர்த்து வச்சிருக்கேன். எல்லாத்துக்கும் ஆகுற மாதிரி ஒரே லென்ஸ் வேணும். கடையில 18-200 வாங்கச் சொல்றாங்க. ஃப்ரெண்ட்ஸ் 50 எம்எம் வாங்குங்கிறாங்க. எது சரி?"

தம்பி, நீங்க சொன்ன வேலைக்கு ரெண்டுமே முதல் சாய்ஸ் இல்லைங்க. ஏன்னு சொல்றேன்.

லென்ஸ் தேடுறதுக்கு முன்னாடி, கையில இருக்கிற 18-55 உங்களை எங்க கைவிடுதுன்னு பாருங்க. அகலம் பத்தலையா, தூரம் எட்டலையா, வெளிச்சம் பத்தலையா? இதை யோசிச்சுச் சொல்லாதீங்க, எடுத்த படத்தையே கேளுங்க. நல்லா வந்துச்சுன்னு நீங்க வச்சிருக்கிற படம் ஒரு 200 இருக்கும். கம்ப்யூட்டர்ல போட்டு, ரைட் கிளிக் பண்ணி, ப்ராப்பர்டீஸ்ல டீடெய்ல்ஸ் பார்த்தா ஃபோக்கல் லெங்த் (லென்ஸோட எம்எம் எண்; சின்னதுன்னா அகலமா தெரியும், பெரிசுன்னா தூரம் கிட்ட வரும்), ஐஎஸ்ஓ (வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு கூட்டிக் காட்டுதுங்கிற எண்), ஷட்டர் ஸ்பீடு (ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்துச்சுங்கிறது) மூணும் இருக்கும். பெரும்பாலான படம் 55-லயே முட்டிக்கிட்டு நின்னா உங்களுக்குத் தூரம் பத்தலை. 18-லயே நின்னா அகலம் பத்தலை. எம்எம் கலந்து கட்டி இருந்து, ஐஎஸ்ஓ மட்டும் 3200, 6400-ன்னு நின்னா வெளிச்சம்தான் பிரச்சினை. வீட்டு விசேஷம், கோயில், குழந்தைன்னு எடுக்கிறவங்களுக்குப் பெரும்பாலும் இந்த மூணாவதுதான் வரும். உங்களுக்கும் அதுதான்னு வச்சுக்கிட்டு மேல சொல்றேன்.

மண்டபத்துல மேடை லைட் விழாத ஒரு மூலையை எடுத்துக்கோங்க. குழந்தை கையை ஆட்டாம இருக்காது, அதனால ஷட்டர் 125-ல ஒரு பங்கு செகண்டாவது வேணும். உங்க 18-55-ஐ 55-க்கு இழுத்தா அபெர்ச்சர் (வெளிச்சம் உள்ள வர்ற துவாரம்; எஃப் எண் குறைஞ்சா துவாரம் பெரிசு) எஃப் 5.6-க்கு மேல திறக்காது. அந்த மாதிரி வெளிச்சத்துல ஐஎஸ்ஓ 6400 கேக்கும். 1500டி-யோட சாதாரண உச்சமே 6400தான். முகத்துல புள்ளி புள்ளியா நாய்ஸ் வரும், பட்டுச் சேலையோட ஜரிகை குழைஞ்சு போகும். அதே இடத்துல எஃப் 2.8 லென்ஸ் இருந்தா நாலு மடங்கு வெளிச்சம், ஐஎஸ்ஓ 1600 போதும். எஃப் 1.8-னா ஏறக்குறைய பத்து மடங்கு, 640 போதும்.

இப்போ 18-200. சிக்மா, டாம்ரான் 18-200-னா எஃப் 3.5-ல ஆரம்பிச்சு 200-க்குப் போறப்போ எஃப் 6.3 ஆயிடும். அதாவது கேமராவோட வந்த உங்க கிட் லென்ஸைவிட இருட்டு. பகல்ல, வெளியில, ஒரே லென்ஸோட ஊர் சுற்றுறவங்களுக்கு அது உதவும், அதை மறுக்கலை. ஆனா உங்க குறை வெளிச்சம். அதுக்குக் காசு கொடுத்து இன்னும் இருட்டான லென்ஸ் வாங்குறதுல அர்த்தம் இல்லை. ஸ்டெபிலைசேஷன் இருக்கேன்னு கடையில சொல்வாங்க. அது உங்க கை ஆடுறதைத்தான் தடுக்கும், குழந்தை ஆடுறதைத் தடுக்காது.

50 எம்எம் எஃப் 1.8 எஸ்டிஎம் விஷயம் வேற. 2015-ல வந்த லென்ஸ், எடை 160 கிராம்தான், புதுசாவே உங்க பட்ஜெட்ல அடங்கும், போர்ட்ரெய்ட்டுக்கு அருமை. நான் ரொம்ப மதிக்கிற லென்ஸ். ஆனா "எல்லாத்துக்கும் ஒரே லென்ஸ்"னு கேட்டா இது இல்லை. இதுக்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கு, எந்த லென்ஸ் வாங்குறதுக்கு முன்னாடியும் போட்டுப் பாருங்க. உங்க கேமரா சென்சார் அகலம் 22.3 மில்லிமீட்டர். படத்துல எவ்வளவு அகலம் அடங்கணுமோ அதை லென்ஸோட எம்எம்-ஆல பெருக்கி, 22-ஆல வகுங்க. அவ்வளவு தூரம் நீங்க பின்னாடி போகணும். எட்டு பேர் வரிசையா நின்னா 12 அடின்னு வைங்க. 50 எம்எம்-ல எடுக்க 27 அடி பின்னாடி போகணும். எந்த வீட்டு ஹால்ல 27 அடி இருக்கு? 17 எம்எம்-னா 9 அடி போதும். ஒரு ஆளைத் தலையில இருந்து கால் வரைக்கும் எடுக்க, கேமராவைச் செங்குத்தா பிடிச்சாலும் 50-க்குப் பதிமூணரை அடி வேணும். வளைகாப்புல உங்களுக்கும் அந்தப் பொண்ணுக்கும் நடுவுல அவ்வளவு இடம் யார் விடுவா?

இன்னொண்ணு. 1.8 இருக்குன்னு 1.8-லயே எடுக்காதீங்க. ஒன்றரை மீட்டர் தூரத்துல எஃப் 1.8-ல ஷார்ப்பா வர்ற ஆழம் ஆறு சென்டிமீட்டர்தான். முகம் பக்கவாட்டுல திரும்பியிருந்தா ஒரு கண்ணு ஷார்ப், இன்னொரு கண்ணு மங்கல். "50 வாங்கினேன், படம் எல்லாம் அவுட் ஆஃப் ஃபோகஸ்"னு எழுதுறவங்கள்ல பாதிப் பேருக்கு லென்ஸ்ல கோளாறு இல்லை, இதுதான் காரணம். எஃப் 2.5, 2.8-ல வைங்க. ஒன்பது ஃபோகஸ் புள்ளியையும் கேமரா கையில விடாம ஒரே புள்ளியை நீங்களே தேர்ந்தெடுங்க. இருட்டுல நடுப்புள்ளியை நம்புங்க, இந்தக் கேமராவுல அது ஒண்ணுதான் கிராஸ் டைப், அதாவது நெட்டுக் கோடு, குறுக்குக் கோடு ரெண்டையும் பிடிக்கும்.

24 எம்எம் எஃப் 2.8-ன்னு கேனான்ல ஒரு குட்டி லென்ஸ் இருக்கே, அதைப் பத்தியும் கேப்பீங்க. அழகான லென்ஸ், 16 சென்டிமீட்டர் வரைக்கும் கிட்டப் போய் எடுக்கலாம். ஆனா உங்க கிட் லென்ஸே 24-ல எஃப் 4 திறக்கும். கிடைக்கிறது ரெண்டு மடங்கு வெளிச்சம்தான். அதுக்கு மட்டும் வாங்க வேண்டாம்.

அப்போ என் பதில்: 17-50 எஃப் 2.8 ஜூம், செகண்ட் ஹேண்ட்ல. புதுசு உங்க பட்ஜெட்ல வராது. சிக்மா 17-50 ஓஎஸ், 2010-ல வந்தது, ஸ்டெபிலைசேஷன் உண்டு (சிக்மா அதை ஓஎஸ்-ங்கும், டாம்ரான் விசி-ங்கும்). டாம்ரான்ல ரெண்டு விதம்: விசி இல்லாத பழையது 2006, விசி உள்ளது 2009. உங்களுக்கு நான் சிக்மாவைத்தான் முதல்ல சொல்வேன். அது கிடைக்கலைன்னா விசி இல்லாத டாம்ரான், அது ஷார்ப்பா இருக்கும், விலையும் குறையும். ஆனா மோட்டார் சத்தம் போடும், வீடியோ எடுத்தா மைக்ல கேக்கும். கேனானோட சொந்த 17-55 எஃப் 2.8 இந்தக் காசுக்கு நல்ல நிலைமையில கிடைக்கிறது கஷ்டம். மலிவா வந்தா சந்தேகப்படுங்க.

இதுல 17-ல இருந்து 50 வரைக்கும் எங்க வச்சாலும் எஃப் 2.8 மாறாது. 50-ல பின்னணி மங்கலும் உங்க கிட் லென்ஸைவிட ஏறக்குறைய ரெண்டு மடங்கு கிடைக்கும். கஷ்டம் என்னன்னா எடை. கிட் லென்ஸ் 200 கிராம், சிக்மா 565 கிராம். நாள் முழுக்கக் கழுத்துல தொங்கினா தெரியும். ஃபோகஸ் ஆகும்போது முன்னாடி இருக்கிற ஃபோகஸ் வளையம் சுத்தும், அதைப் பிடிச்சு நிறுத்தாதீங்க, மோட்டார் கெட்டுப் போகும்.

பழைய லென்ஸ் வாங்கப் போறப்போ உங்க கேமராவை எடுத்துட்டுப் போங்க. இதுல அவசரப்பட்டா 15,000-மும் போயிடும். முதல்ல மவுண்ட், அதாவது லென்ஸ் கேமராவுல மாட்டுற இடம், கேனானுக்கானதான்னு பாருங்க. இந்த லென்ஸ் நிக்கானுக்கும் வந்திருக்கு, விளம்பரத்துல எழுதாம விட்டிருப்பாங்க. அடுத்து, ரெண்டு பக்க மூடியையும் கழட்டி, ஃபோன் டார்ச்சைப் பின்னாடி இருந்து சாய்வா அடிச்சு முன்னாடி வழியா பாருங்க. ரெண்டு மூணு தூசி இருந்தா பரவாயில்லை, படத்துல வராது. சிலந்தி வலை மாதிரி மெல்லிசா கிளை கிளையா இழை தெரிஞ்சா அது ஃபங்கஸ். எவ்வளவு விலை குறைச்சாலும் வாங்காதீங்க. கடலோர ஊர்ல அலமாரிக்குள்ள சும்மா கிடந்த லென்ஸ்ல இது சகஜம்.

அப்புறம் அபெர்ச்சர். இந்த லென்ஸ்கள்ல வயசானா முதல்ல மக்கர் பண்றது அதுதான். எஃப் 2.8-லயே ரெண்டு படம் எடுத்துக் காட்டிட்டு நல்லா இருக்குன்னுடுவாங்க. 2.8-ல அபெர்ச்சர் துவாரத்தைச் சுருக்குற இதழ் அசையவே வேண்டியதில்லை, கோளாறு தெரியாது. எஃப் 8-ல வச்சு 17-ல பத்துப் படம், 50-ல பத்துப் படம் தொடர்ந்து எடுங்க. உள்ள இருக்கிற அபெர்ச்சர் கேபிள் போயிருந்தா எர்ரர் 01 வந்து கேமரா நிக்கும். லென்ஸ் பின்னாடி இருக்கிற தங்க நிறக் காண்டாக்ட்டை உலர்ந்த துணியால துடைச்சுப் பார்த்தும் திரும்ப வந்தா விட்டுடுங்க. ஷட்டரை ரெண்டு செகண்டுக்கு வச்சு, எஃப் 16 கொடுத்து, லென்ஸ் முன்னாடி இருந்து பார்த்தா இதழ் சட்டுன்னு மூடுறது தெரியும். மெதுவா மூடினா எண்ணெய் ஏறியிருக்கு.

கடைசியா ஃபோகஸ். எழுத்து இருக்கிற காலண்டர் தாள் ஒண்ணைச் சுவத்துல ஒட்டி, எஃப் 2.8-ல 50-ல, வ்யூஃபைண்டர் வழியா (கண்ணை வச்சுப் பார்க்கிற துவாரம்) நாலு படம், லைவ் வ்யூல (பின்னாடி ஸ்கிரீனைப் பார்த்து எடுக்கிறது) நாலு படம் எடுங்க. கேமரா ட்ரைபாட்லயோ மேசை மேலயோ இருக்கட்டும். ஸ்கிரீன்ல பெரிசு பண்ணிப் பாருங்க. லைவ் வ்யூல எழுத்து கூர்மையா இருந்து, வ்யூஃபைண்டர்ல எடுத்தது எல்லாமே மங்கலா இருந்தா ஃபோகஸ் முன்னப் பின்ன விழுது. பெரிய கேமராக்கள்ல மெனுவுல போய்ச் சரி பண்ணிக்கலாம், 1500டி-ல அந்த வசதி இல்லை. அதனால இந்த ஒரு சோதனையை மட்டும் விட்டுடாதீங்க. நாலு மூலையையும் பாருங்க. ஒரு மூலை மட்டும் தனியா மங்கினா லென்ஸ் எப்பவோ கீழ விழுந்திருக்கு.

வாங்கினதும் காத்து புகாத டப்பால சிலிக்கா ஜெல் போட்டு வைங்க. ஈரப்பதம் 40-ல இருந்து 50 சதவீதம் இருந்தா நல்லது. அரிசி போட்டு வைக்கிறவங்க இருக்காங்க, மாவுத் தூசி ஜூம் வளையத்துக்குள்ள போகும், வேண்டாம்.

காசு மிச்சமானா ஃபில்டர் வாங்காதீங்க, ஃபிளாஷுக்குச் சேருங்க. வெள்ளை சீலிங் இருக்கிற வீட்டுல, தலையை மேல திருப்பி சீலிங்ல அடிக்கிற ஃபிளாஷ் தர்ற வெளிச்சத்தை எந்த லென்ஸும் தராது. ஆனா ஒண்ணு பார்த்துக்கோங்க: 1500டி உட்பட கேனானோட சின்னக் கேமராக்கள் சிலது, மேல ஃபிளாஷ் மாட்டுற இடத்துல நடுவுல இருக்க வேண்டிய உருண்டைக் காண்டாக்ட் இல்லாம வந்திருக்கு. அப்படி இருந்தா மலிவான மேனுவல் ஃபிளாஷ் எரியாது, கேனான் டிடிஎல் (வெளிச்சத்தைக் கேமராவே அளந்து ஃபிளாஷுக்குச் சொல்ற முறை) சப்போர்ட் பண்ற ஃபிளாஷ்தான் வேணும். உங்க கேமராவைத் திருப்பி இப்பவே பாருங்க.

ரெண்டு மாசம் தேடியும் நல்ல 17-50 அமையலைன்னா, மோசமான ஒண்ணை வாங்கிடாதீங்க. புது 50 எம்எம் வாங்கி, 18-55-ஐயும் விக்காம வச்சுக்கோங்க. குரூப்புக்கு 18-55, முகத்துக்கு 50. லென்ஸ் மாத்துற வேலை கூடும், அவ்வளவுதான்.